தொழிலாளியா, முதலாளியா? – சப்பிரகமுவத் தோட்டங்கள் கண்ட மாற்றங்கள்

உயர்தர வகுப்பு மாணவருக்கு வணிகக் கல்வி கற்பித்துக்கொண்டிருந்தோம். ஒரு நிறுவனம் எதனை, யாருக்கு, எவ்வழியாக விற்றுப் பணம் காண்கிறது, அதற்காகும் செலவை யார் செய்கிறார், நட்டம் வந்தால் அது யார் தலையில் விழுகிறது என்னும் முழு ஏற்பாட்டையும் ‘வணிக மாதிரி’ என்ற பெயரால் இக்காலப் பாடநூல்கள் குறிக்கின்றன. நெருக்கடிக் காலத்தில் தம் மாதிரியை மாற்றிக்கொண்டு பிழைத்த நிறுவனங்களுக்கு உதாரணம் கேட்டோம். ஒருவன் நோக்கியா என்றான். இன்னொருவன் கொடாக் என்றான். அது பிழைத்த கதையன்று என்று திருத்தினோம். சொல்லப்பட்டவை யாவும் கடல் கடந்த உதாரணங்கள்.

எமது வகுப்பறையின் யன்னலைத் திறந்தால் ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் இறப்பர் மரங்கள். அவற்றைப் பார்த்தபடி பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி மெல்ல எழுந்தாள்.

“சேர், எங்கள் தோட்டத்தில் வீட்டுக்கு மூவாயிரம் தேயிலைச் செடி பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். நாங்களே பராமரித்து, நாங்களே பறித்து, கொழுந்தைக் கம்பனிக்கு நிறுத்துக் கொடுக்கவேண்டுமாம். கிலோவுக்கு இவ்வளவு என்று பணம் வரும். இனிமேல் எங்கள் அம்மா தொழிலாளியா, முதலாளியா?”

வகுப்பு சிரித்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை. நாம் தேடிய உதாரணம் யன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அவளது கேள்விக்கு மறுமொழி சொல்வதானால், இம்மலைகளின் பழைய கணக்குப் புத்தகங்களைச் சற்றே புரட்டவேண்டும். அன்று வகுப்பில் சொன்னவற்றையும் சொல்ல நேரமில்லாமற் போனவற்றையும் சேர்த்து ஈண்டு எழுதுகிறோம்.

கோப்பி போன வழி

சப்பிரகமுவ என்றதும் இன்று தேயிலையும் இறப்பரும் மாணிக்கமுமே நினைவுக்கு வருகின்றன. கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்து 1889 இல் தனி மாகாணம் ஆவதற்கு முன்னர், பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து உயர்ந்த சரிவுகளில் நின்றது கோப்பி. 1870 அளவில் இலங்கை ஆண்டுக்கு ஏறக்குறைய 10 இலட்சம் அந்தர் கோப்பியை ஏற்றுமதி செய்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, 1869 இல், மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருக்கக் கண்டனர். இலைத்துரு என்னும் அப்பூஞ்சண நோய் சில ஆண்டுகளில் நாடு முழுதும் பரவிற்று.

இதில் வியப்பு யாதெனில், நோய் கண்ட பின்னரும் கோப்பிச் செய்கை சுருங்கவில்லை, விரிந்தது! 1870களில் உலகச் சந்தையில் கோப்பியின் விலை ஏறியது. ஏக்கருக்கான விளைச்சல் குறையக் குறைய, ஏறிய விலை அக்குறையை ஈடுசெய்து வந்தது. ஆதலின் துரைமாரின் கணக்கில் நோய் தெரியவில்லை. கடன் வாங்கிப் புதுக்காடு வெட்டிப் புதுக்கோப்பி நட்டனர். பின்னர் பிறேசில் நாட்டுக் கோப்பி பெருகி விலை சரிந்தபோது, விளைச்சலும் இல்லை, விலையும் இல்லை, கடன் மட்டும் இருந்தது. 1884 மே மாதத்தில் ஓறியன்டல் பாங்கு முறிந்தது. அதன் நாணயத்தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. செத்த கோப்பி மரங்களின் தண்டைச் சீவி, இங்கிலாந்துக்குத் தேநீர் மேசைக் கால்களாக அனுப்பினர் என்றும் சொல்வர்.

விலையானது நோயை மறைத்த இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். இன்னொரு முறை அது வரும்.

கோப்பியை இழந்தவர்கள் முதலில் ஓடியது தேயிலைக்கன்று, சிங்கோனாவுக்கு. காய்ச்சலுக்கு மருந்தாகும் குயினைன் அம்மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கப்படுவது. எல்லாரும் ஒரே வேளையில் அதனையே நட்டனர். 1880களின் நடுவில் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் அளவில் பட்டை ஏற்றுமதியாயிற்று. யாவாத்தீவிலோ குயினைன் செறிந்த மேலான இனம் வளர்ந்தது. விலை பாதாளத்திற் சென்றது. ஒரு நெருக்கடிக்கு எல்லாரும் ஒரே விடையை எழுதினால் அவ்விடையே அடுத்த நெருக்கடியாகிவிடுகிறது.

பிறகே தேயிலை. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியது, இருபது ஆண்டுகளின் பின் நாட்டையே காத்தது. ஆனால், ‘செடியை மாற்றினார்கள், பிழைத்தார்கள்’ என்று இக்கதையை முடித்துவிடுதல் தவறு. மாறியது செடி மட்டுமன்று.

கோப்பிப் பழத்தைப் பறித்து, கழுவி, காயவைத்து, மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்பினால் தோட்டத்தின் வேலை பெரும்பாலும் முடிந்தது. தேயிலைக் கொழுந்தையோ பறித்த அன்றே வாட்டி, உருட்டி, நொதிக்கவைத்து, உலர்த்தியாக வேண்டும். அதற்குத் தோட்டத்திலேயே ஸ்டோர் வேண்டும், இயந்திரம் வேண்டும். தனியொரு துரையின் கைப்பணம் போதாது. ஆகவே தனி மனிதரின் தோட்டங்கள் மெல்ல மெல்ல இலண்டனிற் பதிவான பங்குக் கம்பனிகளின் கைக்கும், கொழும்பு ஏஜென்சி நிறுவனங்களின் நிர்வாகத்துக்கும் மாறின. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. 1890 இல் வந்த தோமஸ் லிப்டன், தோட்டத்தை வாங்கி, தேயிலையைத் தாமே பொட்டலமாக்கி, தம் கடைகளிலேயே விற்றார். இடையிலிருந்த தரகர் பலரை ஒரே தாவலில் தாண்டினார்.

எமது வாசகருள் பலரது குடும்ப வரலாற்றைத் தொடும் மாற்றம் இன்னொன்று. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்தில் கங்காணியோடு திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள், பருவம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வந்தோர் மிகுதியும் ஆண்கள். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து விடும் பயிர். வாரத்துக்கு ஒருமுறை பறிக்காவிட்டால் முற்றிவிடும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பறிக்கும் பெண்கள் வேண்டும். பெண்கள் வந்தால் குழந்தைகளும் வருவர். லயங்கள் கட்டப்பட்டன. குடும்பங்கள் வேரூன்றின. மலையகத் தமிழர் என்றொரு சமூகம் இந்நாட்டில் நிலைத்தமைக்கு, ஓர் இலைநோயும் அதன் விளைவாகக் கம்பனிகள் செய்துகொண்ட வணிக மாதிரி மாற்றமும் பெருங்காரணம் என்று நாம் சொன்னபோது, சிரித்த வகுப்பு அமைதியாயிற்று.

காத்திருக்கும் மரம்

இறப்பரின் கதை வேறு வகை. 1876 இல் இலண்டன் கியூ பூங்காவிலிருந்து 1,900க்கு மேற்பட்ட கன்றுகள் வந்து, கம்பஹாவுக்கு அண்மையில் ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. இருபது ஆண்டு காலம் தோட்டக்காரர் எவரும் அவற்றைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. மோட்டார் வண்டி வந்தது. உலகமே டயருக்கு அலைந்தது. 1910 இல் இலண்டனில் ஓர் இறாத்தல் இறப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விலை போயிற்று. எட்டியாந்தோட்டை, தெரணியகல, றுவன்வெல்லப் பள்ளத்தாக்குகள் இறப்பர்க் காடாயின. 1912 இல் களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய புகையிரதப் பாதை இரத்தினபுரியை எட்டிற்று. அப்பாதை அவிசாவளைக்கு அப்பால் மூடப்பட்டு அரை நூற்றாண்டாகிறது. பாலங்களின் எச்சங்களை இன்றும் காணலாம்.

இறப்பர் மரம் நட்டு ஆறேழு ஆண்டுகள் சென்றே பால் தரும். நெருக்கடி ஈராண்டில் வந்து போகும். இதனாற்றான் தோட்ட நிறுவனம் பிற நிறுவனங்களைப் போலன்று. தையற்கடைக்காரன் சட்டை விலைபோகாவிட்டால் மறுநாளே முகக்கவசம் தைக்கலாம்; கொள்ளை நோய்க்காலத்தில் அவ்வாறு செய்தவர் பலர். மரத்துக்கு அவசரம் தெரியாது. ஆகவே தோட்டக்காரர் அவசரத்தில் மாற்றக்கூடியவை மூன்றே: பாலைக்கொண்டு என்ன செய்வது, யாருக்கு விற்பது, வேலையாளை எவ்வாறு வைத்திருப்பது. இம்மூன்றில் மூன்றாவதே கைக்கு எளிது. ஆதலால் எப்போதும் முதலில் மாறுவதும் அதுவே.

1930களின் பெருமந்தத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. 1932 இல் இறப்பர் ஓர் இறாத்தல் இரண்டு பென்சுக்கும் கீழே இறங்கிற்று. பல தோட்டங்களில் பால் வெட்டு நின்றது, நாட்கூலி குறைக்கப்பட்டது, வேலையிழந்தவர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பத்தாண்டு கழித்து நிலைமை தலைகீழாயிற்று. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்ததும், நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முக்கிய நாடு இலங்கையே என்றாயிற்று. மரம் செத்தாலும் சரி, பால் இன்றே வேண்டும் என்று வெட்டினர். போர் முடிந்தபோது சப்பிரகமுவவில் எஞ்சியவை பட்டை கிழிந்த கிழட்டு மரங்கள். மறுநடுகைக்கு அரசாங்க உதவிப்பணம் தரும் சட்டம் 1953 இல் வந்தது.

அரிசிக்கு இறப்பர், எண்ணெய்க்குத் தேயிலை

வாங்குபவரை மாற்றுதல் என்னும் இரண்டாவது வழிக்கு இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தினும் சிறந்த உதாரணத்தை நாம் அறியோம். கொரியப் போர்க்காலத்தில் ஏறியிருந்த இறப்பர் விலை 1951 இன் பின் விழுந்தது. அதே வேளையில் உலகில் அரிசிக்குத் தட்டுப்பாடு. ஐக்கிய நாடுகள் சபையோ 1951 மே மாதத்தில், சீனாவுக்குப் போர்த்தளவாடப் பொருள்களை விற்கலாகாதென்று தீர்மானித்திருந்தது. இலங்கை அன்று அச்சபையின் உறுப்புநாடன்று. 1955 இற்றான் சேர்ந்தது. 1952 டிசம்பரில் சீனாவுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுக்கு இலங்கை 50,000 தொன் இறப்பர் தரும். சீனா 2,70,000 தொன் அரிசி தரும். இறப்பருக்கு உலகச் சந்தையிலும் கூடிய விலை கிடைத்தது. அமெரிக்காவின் கோபமும் கூடவே கிடைத்தது. அன்று வர்த்தக அமைச்சராயிருந்த ஆர்.ஜி. சேனநாயக்கா அக்கோபத்தைப் பொருட்படுத்தவில்லை. கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களின் ஸ்டோர்கள் தொடர்ந்து புகைந்தமைக்கு அது ஒரு காரணம்.

எழுபது ஆண்டு கழித்து, கைவசம் டொலர் இல்லாத இலங்கை அதே வழியை மீண்டும் நாடிற்று. ஈரானுக்குத் தரவேண்டிய எண்ணெய்க் கடன் 25 கோடி டொலருக்குச் சற்று அதிகம். அதனைத் தேயிலையாகத் தீர்ப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு கண்டனர். 2023 இல் அனுப்புதல் தொடங்கிற்று. முறுக்கிய இலையாகவும் கடுஞ்சாயமாகவும் வருகின்ற தாழ்நாட்டுத் தேயிலைக்கு மேற்காசிய நாடுகளே பெருஞ்சந்தை. இரத்தினபுரி அவ்வகைத் தேயிலையின் தாயகங்களுள் ஒன்று.

பாலைக்கொண்டு என்ன செய்வது என்னும் முதலாவது வழியிலும் இலங்கையர் சளைத்தவரல்லர். செயற்கை இறப்பர் மலிந்தபோது, வெளிறிய கிறேப் இறப்பர், பாதணிக்கான தடித்த கிறேப் என்று பிறர் எளிதிற் செய்யாத சரக்கில் இந்நாட்டு ஸ்டோர்கள் கைதேர்ந்தன. பின்னர் பார இயந்திரங்களுக்கான திண்ம டயரும் கையுறையும் இங்கேயே செய்யத் தொடங்கினர். ஒருகாலத்தில் முழுவதையும் கப்பலேற்றிய நாடு, இன்று தன் ஆலைகளுக்குப் போதாமல் இயற்கை இறப்பரை வெளியிலிருந்து வாங்குகிறது!

தேயிலையிலும் 1980களில் மெரில் பெர்னாண்டோ ‘டில்மா’ என்ற பெயரில், பெட்டித் தேயிலையை மொத்தமாக விற்கும் பழைய வழக்கை விட்டு, இலங்கையிலேயே பொதிசெய்து அயல்நாட்டுக் கடைத்தட்டில் வைத்தார். லிப்டன் சென்ற பாதையே அது. ஆனால் இம்முறை இலாபம் இக்கரையில் நின்றது. இரத்தினபுரி மாவட்டத்துக் காவத்தைத் தோட்டக் கம்பனி பின்னாளில் அக்குழுமத்தின் கைக்கு வந்தது.

நோய், தடை, பூட்டு

1972 இன் நிலச்சீர்திருத்தம், 1975 இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையானமை, அரச சபைகளின் நட்டம், 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளுக்குச் சென்றமை ஆகியவற்றை வாசகர் அறிவர். களனிவெலி, கேகாலை, பலாங்கொடை, காவத்தை என்னும் பெயர்களோடு இருபதுக்கு மேற்பட்ட கம்பனிகள் அவ்வாறு பிறந்தன. நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, லயத்து வீடு யாரது என்பதற்கு இன்றும் தெளிவான விடை இல்லை.

2019 இலிருந்து அக்கம்பனிகள் மேல் விழுந்த அடிகளை எண்ணிப்பார்த்தால் மலைப்பாயிருக்கிறது. இறப்பர் மரங்களில் புதியதோர் இலைநோய் பரவிற்று. இலைத்துரு கண்டு சரியாக 150 ஆண்டு! மறு ஆண்டில் கொள்ளை நோய். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் கொழும்புத் தேயிலை ஏலம் நின்றது. ஏலம் நின்றால் ஸ்டோருக்குப் பணமில்லை. ஸ்டோருக்குப் பணமில்லையேல் கொழுந்து கொடுத்த சிறுதோட்டக்காரருக்குப் பணமில்லை. செடியோ ஊரடங்கை அறியாது கொழுந்து விட்டுக்கொண்டேயிருந்தது. அப்போது தரகு நிறுவனங்களும் வாங்குவோரும் சேர்ந்து ஒரு காரியம் செய்தனர். 1883 முதல் வாய்விட்டுக் கூவி, சுத்தியல் தட்டி நடந்த ஏலத்தை, 2020 ஏப்ரல் 4 ஆந் திகதி கணினித் திரைக்கு மாற்றினர். பல ஆண்டுகளாகப் பேசிப் பேசித் தள்ளிப்போட்ட மாற்றம், இரண்டு மூன்று வாரத்தில் நடந்தேறியது. இம்மாற்றம் யாருடைய வயிற்றிலும் அடிக்கவில்லை என்பதை நாம் மகிழ்ந்து குறிக்கிறோம். அத்தகைய மாற்றங்கள் மிகச் சில.

அடுத்தவை அவ்வாறல்ல. இறப்பரில் இலாபம் காணாத சில கம்பனிகள் எண்ணெய்ப் பனைக்குத் தாவியிருந்தன. நீரூற்று வற்றுகிறதென்று அயற்கிராமத்தார் எதிர்த்தனர். 2021 ஏப்ரலில் அரசாங்கம் எண்ணெய்ப் பனைச் செய்கையையே தடைசெய்து, நின்ற மரங்களையும் படிப்படியாக அகற்றச் சொல்லிற்று. பயிரை மாற்றினால் மட்டும் போதாது, அயலாரின் சம்மதத்தையும் சேர்த்து நடவேண்டும் என்பதை அக்கம்பனிகள் காலந்தாழ்த்திக் கற்றன. அடுத்த மாதமே இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அது நீங்கியபோது டொலர் இல்லை; உரமூட்டையின் விலை பலமடங்காயிற்று. 2013 இல் 34 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, 2022 இல் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது.

அவ்வாண்டின் கணக்குகளில் நட்டம் தெரிந்ததா? இல்லை! ரூபாவின் மதிப்பு வீழ்ந்தமையால், 2021 இல் கிலோ 600 ரூபாவைச் சற்றே தாண்டியிருந்த ஏலச் சராசரி, 2022 இல் 1,200 ரூபாவுக்கு மேல் ஏறிற்று. செடி மெலிந்தது, பணம் பெருத்தது. 1870களின் கோப்பித்துரைமாரை வாசகர்கள் இப்போது நினைத்துக்கொள்ளலாம்.

மூவாயிரம் செடி

இனி எமது மாணவியின் வீட்டுக்கு வருவோம். தொழிலாளர் சம்பளம் 2021 இல் நாளொன்றுக்கு 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் விதிக்கப்பட்டது. விலைவாசியை நோக்கின் அது மிகையன்று. விளைச்சல் குறைந்த செடியிலிருந்து அதனை எவ்வாறு கொடுப்பது என்பது கம்பனிகளின் கேள்வி. அதற்கு அவை கண்ட விடைகளுள் ஒன்றே வருமானப் பகிர்வு முறை. செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பர். உரமும் மருந்தும் கம்பனி தந்து கழித்துக்கொள்ளும். கொழுந்துக்கு ஏல விலையை ஒட்டிப் பணம் தரும். நாட்கூலி என்னும் நிலையான செலவு, நிறுத்த கொழுந்துக்கு மட்டும் கொடுக்கும் செலவாக மாறுகிறது.

இது புதுமையா? முழுவதும் அன்று. இந்நாட்டுத் தேயிலையில் நான்கில் மூன்று பங்கு ஏற்கனவே சிறுதோட்டக்காரர் தருவது. விற்ற பணத்தில் 68 வீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 வீதம் ஸ்டோருக்கு என்பது அவர்களுக்குள்ள கணக்கு. கேகாலைக் கிராமங்களிலும் சிறிய இறப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுபவர் பாதிப்பங்கு பெறும் வழக்கம் உண்டு. ஆனால் சிறுதோட்டக்காரருக்கு நிலம் சொந்தம். விலை பிடிக்காவிட்டால் வேறு ஸ்டோருக்குக் கொடுப்பார். வங்கியில் அந்நிலத்தை ஈடுவைப்பார். கறுவாவோ மிளகோ நடுவார். எமது மாணவியின் தாயாருக்கு இவற்றுள் எது உண்டு?

மாணவியிடம் ஓர் அப்பியாசக் கொப்பி கொடுத்து, ஒரு மாதத்துக் கணக்கை எழுதிவரச் சொன்னோம். நல்ல மழைமாதம். 180 கிலோ கொழுந்து. கழிவெல்லாம் போகக் கிலோவுக்கு 140 ரூபா. ஆக 25,200 ரூபா. முன்பு தாயாருக்கு 18 ‘பேர்’ விழுந்த மாதத்தில் கிடைத்தது 24,300 ரூபா. “கூடத்தானே வந்திருக்கிறது, சேர்?” என்றாள். “எத்தனை கை பட்டது என்று எழுது” என்றோம். அம்மா 12 நாள். புல் வெட்டவும் மருந்து தெளிக்கவும் அப்பா 4 நாள். அப்பாயி 3 நாள். பள்ளி இல்லாத நாளில் இவளே 3 நாள். ஆக 22 நாள். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு 1,145 ரூபா. முன்பு சேமலாப நிதிக்கும் நம்பிக்கை நிதிக்குமாகக் கம்பனி தன் பங்காகக் கட்டிய 15 வீதம், அதாவது 18 பேருக்கு 3,645 ரூபா, இப்போது எந்த நிரலிலும் இல்லை. பென்சிலால் அந்த எண்ணை ஓரத்தில் எழுதி, சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.

ஆயினும் ஒரு பக்கக் கணக்கை மட்டும் சொல்லி நிறுத்துதல் நேர்மையன்று. மாரியம்மன் திருவிழாவுக்கு அத்தோட்டத்துக்குச் சென்றிருந்தபோது அத்தாயாரைக் கண்டோம். “இப்ப யாரும் பெரட்டுக்கு வான்னு கத்துறதில்லீங்க, ஐயா. நாங்க போறதுதான் நேரம். பிள்ளைக்குக் காய்ச்சல்னா வீட்டுல இருக்கலாம். மத்த நாள்ல நாட்டுல கொழுந்து பறிக்கப் போறேன், அதுவும் காசுதானே” என்றார். நாடு என்று அவர் குறித்தது அயற்கிராமத்தை; தோட்டத்தார் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் முகத்தில் இருந்த தெளிவை நாம் குறைத்துச் சொல்லமாட்டோம். விடியற்காலைப் பெரட்டுக்களத்தில் ஐந்து தலைமுறை நின்ற கால்கள் அவை. செடிகளும், தங்கள் செடி என்றதும், முன்னினும் தழைத்திருந்தன. இதனைக் கண்ணாற் கண்டோம்.

எமது ஐயமெல்லாம் ஒன்றைப்பற்றியே. 1869 இல் இலைத்துரு வந்தபோது நட்டம் துரையினது, வங்கியினது. 1932 இல் விலை விழுந்தபோது கம்பனியினது, ஓரளவு தொழிலாளியினது. மீண்டும் ஒரு 2021 வந்து, உரம் இல்லை என்றால், இந்த மூவாயிரம் செடியின் நட்டத்தில் கம்பனியின் பங்கு எவ்வளவு? இலாபத்தைப் பகிர்வதற்குச் சூத்திரம் இருக்கிறது, நட்டத்துக்கு இருக்கிறதா? செடி இறந்தால் மறுநடுகைச் செலவு யாருடையது? குடும்பம் வேறு தொழிலுக்குச் சென்றால் லயத்து வீடு என்னாகும்? நல்ல நிர்வாகம் உள்ள இடங்களில் இவற்றை எழுத்தில் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தால் இம்முறையை வரவேற்பவர்களுள் நாமும் ஒருவராவோம்.

பெப்ரவரி வரட்சியில் அவள் மறுபடியும் கொப்பியைக் கொண்டுவந்தாள். கொழுந்து 80 கிலோ; பணம் 11,200 ரூபா; கைபட்ட நாள் 13. அடியில் ஒரு புதிய வரி: ‘உரம் – அடுத்த மாதம் கழிப்பார்கள்’.

“சேர், இதைச் செலவு என்று எழுதுவதா, கடன் என்று எழுதுவதா?”

“ஒப்பந்தத் தாளில் எப்படிச் சொல்லியிருக்கிறது?”

“தாள் எங்களிடம் இல்லை, சேர். அம்மா கைநாட்டு வைத்தார். தாள் தோட்டக் காரியாலயத்தில் இருக்கிறதாம்.”

ஒரு பிரதி தரும்படி கேட்டுத் தாயாரின் பெயரில் தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். திங்கட்கிழமை பள்ளிக்குப் போகாமல் அம்மாவுடன் காரியாலயத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். போகச் சொன்னோம்.